‘1796’ என்பது செய்த ஆண்டு அல்ல: பழைய ஐரோப்பியக் குதிரைப்படை வாளைப் படிக்கும் முறை

ஏலப் பட்டியலில் பழைய குதிரைப்படை வாள் வந்தால் அதன் பெயரோடு ஓர் ஆண்டும் ஒட்டிக்கொண்டு வரும்: ‘1796 லைட் கேவல்ரி சேபர்’, ‘பிரெஞ்சு ஆண்டு 11 சேபர்’, ‘1908 குதிரைப்படை வாள்’. (சேபர் என்றால் வளைந்த குதிரைப்படை வாள்; லைட் கேவல்ரி என்றால் இலகுரகக் குதிரைப்படை.) புதிதாக வாங்க வருபவர் அதை வாளைச் செய்த ஆண்டு என்றே எடுத்துக்கொள்கிறார். கூடவே, நெப்போலியன் தோற்ற 1815 போரை நினைவூட்டும் ‘வாட்டர்லூ காலம்’ என்ற சொல் சேர்ந்தால் விலை தனி உயரத்துக்குப் போய்விடும். பணம் கட்டி வாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அலகில் வேறோர் ஆண்டு, கைக்காப்பில் ஏதோ ஒரு படைப்பிரிவின் எண், உறையில் அதோடு பொருந்தாத இன்னோர் எண். ஏமாந்துவிட்டோமோ என்ற பதற்றம் அப்போதுதான் தொடங்குகிறது.

அந்தப் பதற்றம் பல சமயம் வீண். படைகளில் வாள் என்பது அரசுச் சொத்து. பழுதுபார்த்து, கைமாற்றி, முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டினார்கள். எண்கள் ஒத்துப்போகாதது அதனால் இயல்பே. அந்தப் பொருத்தமின்மை எப்போது நேர்ந்தது, படை ஓட்டத்திலா, நேற்று ஒரு பட்டறையிலா என்பதைத்தான் வாங்குபவர் கண்டுபிடிக்க வேண்டும்.

## ஒரே வாளில் ஐந்து ஆண்டுகள்

1. மாதிரி ஆண்டு. இந்த வடிவத்தில்தான் வாள் செய்ய வேண்டும் என்று அரசு ஒப்புதல் தந்த ஆண்டு. ‘1796’ இந்த வகை. வாள் இருபது ஆண்டு கழித்துச் செய்யப்பட்டாலும் மாதிரிப் பெயர் மாறாது.

2. அலகு செய்த ஆண்டு. பிரெஞ்சு அரசுத் தொழிற்சாலைகள் இதை மாதத்தோடு செதுக்கிவைத்தன. 1796 மாதிரி பிரிட்டிஷ் வாள்களில் இது கிடையாது. செய்தவரின் பெயரும் சோதகரின் முத்திரையும் மட்டுமே இருக்கும்.

3. படைக்கு ஏற்றுக்கொண்ட, வழங்கிய ஆண்டு. பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் வாள்களில், முதுகில் இருக்கும் இரண்டு இலக்கம் இதுதான். பிற்கால பிரிட்டிஷ் வாள்களிலும் மாதம், ஆண்டு இரண்டும் அடிக்கப்பட்டன.

4. மறுவழங்கல், மாற்றம் செய்த ஆண்டு. பழைய படைப்பிரிவின் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதைப் பொறித்திருப்பார்கள். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நேர்மையான வாளுக்குக் கிடைக்கும் நல்ல சாட்சிகளில் இதுவும் ஒன்று.

5. படையிலிருந்து கழித்த ஆண்டு. ஆண்டாக எழுதப்படுவது அரிது; முத்திரையாக இருக்கும். பிரிட்டனின் அரசுச் சொத்துக்கான அம்புக்குறி இரண்டு, முனையோடு முனை பார்த்தபடி இருந்தால் ‘விற்றுத் தள்ளியது’ என்று பொருள்.

மாதிரி ஆண்டுக்கும் உற்பத்திக்கும் உள்ள தூரத்துக்கு பிரிட்டனின் 1821 மாதிரியே உதாரணம். ஒப்புதல் 1821இல் வந்தது. ஆனால் உற்பத்தி தடைப்பட்டு, படைகளின் கைக்குப் பெருமளவில் போய்ச் சேர்ந்தது 1830ஐ ஒட்டித்தான். ‘1821இல் செய்த 1821 மாதிரி’ என்று விற்பவர் எதை விற்கிறார் என்று அவரே யோசிக்க வேண்டும்.

## பாகங்களின் பெயர்கள்

மேலே போகுமுன் சில சொற்களைத் தீர்த்துக்கொள்வோம். வெட்டும் இரும்பு முழுவதும் அலகு. கூர் உள்ள பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு. அலகின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் குழிவு பள்ளம். இதை ‘ரத்தம் வழிய வைத்தது’ என்று சொல்வது வெறும் கதை. விறைப்பைப் பெரிதாகக் குறைக்காமல் எடையைக் குறைப்பதுதான் அதன் வேலை. இரும்பு உத்தரம் ஏன் ‘ஐ’ வடிவில் இருக்கிறதோ அதே காரணம். அலகு பிடிக்குள் நுழைந்து மெலிந்து போகும் பகுதி வால். அதன் நுனி பிடியின் உச்சியில் வெளியே வந்து, சுத்தியால் தட்டி ஆணித்தலைபோல் விரிக்கப்பட்டிருக்கும். விரல்களைக் காக்கும் உலோகம் கைக்காப்பு. பிடியின் பின்புறம் மேலிருந்து கீழாக வரும் உலோகப் பட்டை பிடிப்பட்டை. கைக்காப்பிலிருந்து உறையின் வாய்மேல் படியுமாறு நீண்டிருக்கும் சிறு தகடுகள் நாக்குகள்.

## 1796 லைட் கேவல்ரி: ஒரு வாளை அருகில் வைத்துப் பார்ப்போம்

சேகரிப்பாளர் கையில் அதிகம் புழங்குவதும், அதிகம் தவறாக விவரிக்கப்படுவதும் இந்த வாள்தான். 1793 முதல் 1795 வரை ஃபிளாண்டர்ஸ் களத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படையின் வாள்கள் எப்படித் திணறின என்பதை நேரில் பார்த்த ஜான் காஸ்பர்ட் லெ மார்ச்சன்ட் என்ற அதிகாரியும், பர்மிங்காமின் வாள் தயாரிப்பாளர் ஹென்றி ஆஸ்போர்னும் சேர்ந்து உருவாக்கியது. வெட்டுவதற்கென்றே பிறந்த வாள். லெ மார்ச்சன்ட் 1812 ஜூலை 22இல் சாலமாங்கா போரில் இறந்தார். வாள் அவருக்குப் பின்னும் பல நாட்டுப் படைகளில் வாழ்ந்தது. பிரஷ்யர்கள் இதைப் பார்த்துத்தான் 1811 மாதிரியை, ‘புளூஹர் சேபர்’ என்று பின்னாளில் பெயர்பெற்றதை, எடுத்தார்கள்.

கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை:

நீளம். அலகு 82.5 முதல் 84 செ.மீ. வரை. கைக்காப்பிலிருந்து முனைக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவின் மேல் நாடாவை ஓட்டி அளந்தால் எண் கூடிவிடும். விளம்பரங்களில் வரும் விநோத நீளங்களில் பல இப்படிப் பிறந்தவை.

அகலம். சாதாரண வாள் நுனியை நோக்கிக் குறுகும். இது முனைக்குச் சற்று முன்னால் அகலும், பிறகு கோடரி வாய்போல் வெட்டி முடியும். பள்ளம் ஒன்றே ஒன்று, அகலமானது. முனைக்குச் சில சென்டிமீட்டர் முன்பே மறைந்துவிடும். பள்ளம் முனைவரை ஓடினாலோ, நுனியில் அந்த அகலம் தெரியாவிட்டாலோ, உடைந்த முனையைச் சாணை பிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். நீளம் 80 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

தடிமன். ஏதாவது ஒன்றைத்தான் அளக்க முடியும் என்றால் இதை அளக்கலாம். முதுகின் தடிமனை வெர்னியர் காலிப்பரால் கைக்காப்பு ஓரத்தில், நடுவில், முனைக்கு 10 செ.மீ. முன்னால் என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். அசல் அலகு பெரும்பாலும் அடியில் 8 முதல் 10 மி.மீ. இருக்கும், நுனியருகே 2 மி.மீ. பக்கம் வந்துவிடும். அடித்து வடித்த கொல்லன் இரும்பை அடியில் சேர்த்து நுனியில் மிச்சம் பிடித்திருப்பான். தகட்டிலிருந்து வெட்டி எடுத்த நகலில் மூன்று இடத்திலும் ஏறத்தாழ 5 மி.மீ. நிற்கும். அதைச் சுழற்றினால் நுனி கையை இழுக்கும். உறையின்றி ஒரு கிலோவை ஒட்டிய அசல் வாள் அப்படி இழுப்பதில்லை.

பிடி. இரும்பால் ஆன ஒற்றை வளைவுக் கைக்காப்பு. பிடி மரம், அதன்மேல் தோல். பிடிப்பட்டையின் நடுவில் இருபுறமும் ‘காதுகள்’ இறங்கியிருக்கும். அவற்றின் ஊடாக ஓர் ஆணி பிடியையும் வாலையும் துளைத்துப் போகும். சிப்பாய் வாளில் இந்த ஆணி முக்கியம். பலத்த வெட்டில் பிடி கழன்று வராமல் காப்பது அதுதான். அதிகாரிகளின் வாள்களில் காதுகள் இல்லாமலும் இருக்கும்.

எழுத்து. முதுகில், கைக்காப்பை ஒட்டிச் செய்தவர் பெயர்: ஆஸ்போர்ன், கில், வூலி, டாஸ், கிரேவன் போன்ற பர்மிங்காம்காரர்கள், அல்லது ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து அலகுகளை இறக்கிய ரங்கல். கூட்டாளிகள் சேர்ந்து பிரியப் பிரிய நிறுவனப் பெயர்கள் மாறின. பர்மிங்காமின் அக்கால வணிக விவரப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் பெயரின் வடிவத்தை வைத்தே சில ஆண்டுகளுக்குள் காலத்தைக் குறுக்கிவிடலாம். அலகின் பக்கத்தில் கிரீடமும் கீழே ஓர் எண்ணும் இருந்தால் அரசுச் சோதகர் பார்த்து ஏற்றது.

கிரீட முத்திரை இல்லையென்றால் போலி என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளூர்த் தன்னார்வக் குதிரைப்படைகளான யோமன்ரி பிரிவுகள் தங்கள் பணத்தில் நேரடியாக வாங்கின; அவற்றுக்கு அரசுச் சோதனை கட்டாயமில்லை. ஸ்பெயினையோ பெல்ஜியத்தையோ கண்ணால் பார்க்காமல், உள்ளூர்க் கலவரத்தை அடக்குவதற்கும் அணிவகுப்புக்கும் மட்டும் உறையிலிருந்து வந்த 1796 வாள்கள் ஏராளம். ‘வாட்டர்லூ காலம்’ என்ற சொல் பொய்யாக இல்லாமலே ஏமாற்றுவது இங்கேதான். காலம் அதுவாக இருக்கலாம். அந்த வாள் 1815 ஜூன் 18இல் அந்த வயலில் இருந்ததற்கு அது சாட்சி ஆகாது.

## கனரகப் படையின் முனை: இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய தடயம்

அதே 1796இல் கனரகக் குதிரைப்படைக்கு வந்தது நேரான வாள், 89 செ.மீ. அலகு, துளையிட்ட வட்டத் தகட்டுக் கைக்காப்பு, ஆஸ்திரிய வாளைப் பார்த்துச் செய்தது. முனை கோடரி வடிவம். 1815 போருக்கு முன் அந்த முனையை ஈட்டிபோல் தீட்டினார்கள். இடுப்பில் உரசாமலிருக்க வட்டத் தகட்டின் உட்புற விளிம்பை வெட்டினார்கள். நாக்குகளையும் பல வாள்களில் நீக்கினார்கள்.

ஆக, தீட்டிய முனை, வெட்டிய தகடு, நாக்கில்லாத காப்பு மூன்றும் சேர்ந்திருந்தால் அது போருக்குத் தயாரான வாளின் சாயல். ஆனால் இதைச் செய்ய இன்று ஒரு கிரைண்டரும் அரை மணி நேரமும் போதும். வேறுபாட்டைச் சொல்வது துரு. அலகின் மேற்பரப்பில் உள்ள கருமையும் குழிகளும் தீட்டிய சரிவின் மேலும் அதே போலத் தொடர்ந்தால் பழைய வேலை. சரிவு மட்டும் வெளிறி, குழிகள் அதன் ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றால் புதிய வேலை. வெட்டிய தகட்டு விளிம்பிலும் இதே சோதனை. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த விளிம்பு வழவழப்பாக உருண்டிருக்கும், அரம் பட்ட விளிம்பு விரலில் பிடிக்கும்.

## பிரெஞ்சு வாளின் முதுகில் ஓர் அரசியல் வரலாறு

பிரெஞ்சு வாள்கள் படிக்கத் தெரிந்தவருக்குப் பொக்கிஷம். அல்சாஸ் பகுதியில் 1730இல் தொடங்கிய கிளிங்கந்தால் தொழிற்சாலையும், 1819இல் தொடங்கிய ஷாத்தெல்ரோ தொழிற்சாலையும் அலகின் முதுகில் சாய்வெழுத்தில் தொழிற்சாலை, மாதம், ஆண்டு ஆகியவற்றைச் செதுக்கின. பின்னாளில் மாதிரியின் பெயரையும் சேர்த்தார்கள். ஆகவே ஒரே வரியில் ‘1876 ஏப்ரல்’ என்பதும் ‘லைட் கேவல்ரி, மாதிரி 1822’ என்பதும் அடுத்தடுத்து வரலாம். முரண்பாடு எதுவும் இல்லை. முதலாவது பிறந்த தேதி, இரண்டாவது குடும்பப் பெயர்.

மாதிரிப் பெயர்களில் வரும் ‘ஆண்டு 9’, ‘ஆண்டு 11’, ‘ஆண்டு 13’ எல்லாம் பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டி. அதன் முதல் நாள் 1792 செப்டம்பர் 22. ஆண்டு 11 என்பது 1802 செப்டம்பர் முதல் 1803 செப்டம்பர் வரை. ஆண்டு 13 என்பது 1804–1805. இந்த நாட்காட்டியை 1806 ஜனவரி 1 முதல் கைவிட்டார்கள். அதற்குப் பின் செய்த ‘ஆண்டு 13’ வாள்களில் வழக்கமான கிறித்தவ ஆண்டுதான் செதுக்கியிருக்கும்.

மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. எண் 8 போட்டு அதன் பக்கத்தில் ‘ப்ர்’ ஒலிக்கான எழுத்துகளைச் சேர்த்திருந்தால் ஆகஸ்ட் என்று படிக்கத் தோன்றும். அது அக்டோபர். லத்தீனில் ‘ஒக்டோ’ என்றால் எட்டு. அந்தப் பெயரின் சுருக்கமே இது. 7 என்றால் செப்டம்பர், 9 என்றால் நவம்பர், ரோமானிய எண் பத்துக்கான பெருக்கல்குறி போன்ற எழுத்து வந்தால் டிசம்பர். விற்பவர் ‘1813 ஆகஸ்ட்’ என்று எழுதியிருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்; இரண்டு மாதம் நகர வாய்ப்புண்டு.

தொழிற்சாலைப் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிதான் போலியைப் பிடிக்க நல்ல கருவி. ஆட்சி மாறும்போதெல்லாம் அது மாறியது:

- 1804இல் நெப்போலியன் பேரரசரான பிறகு ‘ஆம்பெரியால்’, அதாவது பேரரசின்.
- 1814 ஏப்ரலில் அவர் பதவி துறந்ததும் ‘ரொயால்’, அரசரின்.
- 1815 மார்ச்சில் அவர் திரும்பி வந்த நூறு நாள் ஆட்சியில் மீண்டும் ‘ஆம்பெரியால்’. வாட்டர்லூவுக்குப் பின் மீண்டும் ‘ரொயால்’.
- 1848 குடியரசில் ‘நாசியோனால்’, 1852இல் மூன்றாம் நெப்போலியன் வந்ததும் மறுபடி ‘ஆம்பெரியால்’.

1811 என்ற ஆண்டுக்கு முன்னால் ‘ரொயால்’ இருந்தால் யாரோ இலக்கத்தைத் திருத்தியிருக்கிறார்கள். 1817இன் 7-ஐ 1811 ஆக்கினால் நெப்போலியன் வாளாகிவிடும், விலையும் ஏறும். ஆனால் அடைமொழியைத் திருத்த மறந்திருப்பார்கள். ஒரு பூதக்கண்ணாடி இதற்குப் போதும்.

கிளிங்கந்தால் தொழிற்சாலையை நடத்திய கூலோ குடும்பத்தின் பெயரும் ‘கிளிங்கந்தால்’ என்ற சொல்லும் மட்டும் இருந்து, மாதமும் ஆண்டும் இல்லாத அலகுகளும் வரும். இவை அரசுக்காகச் செய்தவை அல்ல. அதிகாரிகளுக்கும் தேசியக் காவல்படைக்கும் தனியாக விற்றவை. அசல்தான், ஆனால் போர்வீரனின் வாள் என்ற விலை தர வேண்டியதில்லை.

மார்புக்கவசம் அணிந்த கனரகக் குதிரைவீரர்களான கியூராசியர்களின் ஆண்டு 13 வாளில், 97.5 செ.மீ. நேரான அலகு, இரண்டு பள்ளம். முதலில் முனை முதுகின் கோட்டிலேயே முடிந்தது. 1816 வாக்கில் அதை நடுக்கோட்டுக்கு மாற்றித் தீட்டினார்கள். 1816க்குப் பின்னும் சேவையில் இருந்த வாள்களில் நடுமுனையே சரியானது. மாறாத முனை அரிது, ஆகவே அதைப் ‘பழையபடி’ ஆக்கித் தரும் ஆட்களும் உண்டு. முனையைத் திரும்ப முதுகுப் பக்கம் கொண்டுபோக வேண்டுமானால் நீளத்தைக் குறைத்தே ஆக வேண்டும், 97.5ஐ அளந்தால் தெரிந்துவிடும்.

## பிரஷ்யாவும் பிற்கால பிரிட்டனும், சுருக்கமாக

பிரஷ்ய அலகின் முதுகில் கிரீடம், அதன்கீழ் அரசரின் பெயரெழுத்து, அதன்கீழ் இரண்டு இலக்கம். கிரீடத்தின் கீழ் வில்ஹெல்மின் ‘டபிள்யூ’ எழுத்தும் 13 என்ற எண்ணும் இருந்தால் 1913இல் ஏற்றது. கைக்காப்பில் ரெஜிமெண்ட் எண், படை வகைக்கு ஓர் எழுத்து, ஸ்குவாட்ரன் எண், ஆயுத எண் என்ற வரிசை. படை வகை எழுத்து கியூராசியரா, டிரகூனா, ஹுஸ்ஸாரா, உலானா என்று சொல்லிவிடும். இதே எண் உறையின் மேல்பகுதியிலும் இருந்தால் அந்த வாளும் உறையும் ஒன்றாகவே வாழ்ந்தவை.

பிரிட்டனின் 1853 மாதிரியில் தனி வால் கிடையாது. அலகின் முழு அகலமும் பிடி வழியாக ஓட, இருபுறமும் தோல் துண்டுகளை ஆணியடித்தார்கள். 1864இல் மால்டா சிலுவை வெட்டிய தகட்டுக் கைக்காப்பு வந்தது. பிறகு 1882, 1885, 1890, 1899 என்று வரிசையாக மாதிரிகள். எதுவும் யாருக்கும் திருப்தி தரவில்லை. கடைசியில் 1908இல், வெட்டுவதைக் கைவிட்டுக் குத்துவதற்கு மட்டுமான ஒல்லியான நேர் அலகு, கிண்ணம் போன்ற பெரிய கைக்காப்பு. இந்தியப் படைக்கான வடிவத்தில் பிடி சிறிதாக இருக்கும். அதைப் ‘பிடி மாற்றிய வாள்’ என்று தள்ளிவிடுவது அனுபவமில்லாதவர் செய்யும் தவறு.

அதிகாரிகளின் வாளில் வில்கின்சன் பெயர் இருந்தால் முதுகில் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1850களின் நடுவில் தொடங்கிய அந்த எண்கள் நிறுவனத்தின் பேரேட்டில் தேதியோடு, பல சமயம் வாங்கியவர் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. அலகின் அடியில் சிறு பித்தளை வில்லையைச் சுற்றி ஆறு முனை நட்சத்திரம் இருக்கும். யூத மதச் சின்னமோ என்று பலர் கேட்பார்கள். அலகு சோதனையில் தேறியது என்பதற்கான அலங்காரம், அவ்வளவே.

## பொருந்தாத பாகங்கள்: எப்போது நேர்ந்தது?

வாளை மேசைமேல் வைத்து இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

1. வாலின் நுனி. பிடியின் உச்சியில் தட்டி விரித்த தலை சுற்றியுள்ள உலோகத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும். அதைச் சுற்றிப் புதுச் சுத்தியல் தடம், பளபளப்பு, அரம் போட்ட கோடு இருந்தால் பிடியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்த சிப்பாய் வாளில் அந்த இடத்தில் மரை போட்ட நட்டு இருந்தால் பெரும்பாலும் நகல்.

2. தோலுக்கும் உலோகத்துக்கும் இடைவெளி. இருநூறு ஆண்டில் மரமும் தோலும் சுருங்கும். மெல்லிய இடைவெளியும் அதில் அடைந்த அழுக்கும் இயல்பு. இறுக்கமாக உட்கார்ந்த தோல் என்றால் மாற்றித் தைத்தது. தையல் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

3. துருவின் தொடர்ச்சி. அலகு கைக்காப்பைச் சந்திக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே வயதுத் துரு இருக்கிறதா? கறுத்த அலகும் பளிச்சென்ற காப்பும் ஒன்றாகப் பிறக்கவில்லை, அல்லது ஒன்றைமட்டும் யாரோ தேய்த்திருக்கிறார்கள். அமிலம் ஊற்றி வரவழைத்த துரு அலகெங்கும் ஒரே அளவுக் குழிகளாகப் பரவும். இயற்கையான துரு உறை ஈரம் பிடித்த இடத்தில், கைபட்ட இடத்தில் திட்டுத்திட்டாக இருக்கும்.

4. முத்திரையின் அடிப்பகுதி. பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் கருமை இருக்கும். கருமையைக் கிழித்துக்கொண்டு பளபளப்பாக நிற்கும் படைப்பிரிவு எழுத்துகள் நேற்றுப் பொறித்தவை. புகழ்பெற்ற ரெஜிமெண்டாக இருந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள்.

5. அலகின் அடிப்பகுதியில் தாழ்வு. நகல்களில் செய்த நாட்டின் பெயர் அடித்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்த இடம் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் லேசான குழியாகத் தெரியும்.

6. உறை. வாள் கடைசி இரண்டு விரல்கடை தூரத்தில் இறுகினாலோ, உள்ளே கடகடவென்று ஆடினாலோ உறை வேறு வாளுடையது. உறை பொருந்தாததற்காக வாளை ஒதுக்க வேண்டியதில்லை. படைகளிலேயே உறைகள் மாறின. பணம் கொடுக்கும்போது குறைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தாவது புள்ளிக்கு ஒரு துணைச் செய்தி. சினிமாவுக்கும் அணிவகுப்புக்கும் வரலாற்று நடிப்புக் குழுக்களுக்கும் டேராடூன் போன்ற இடங்களில் ஐரோப்பிய மாதிரி வாள்கள் வெளிப்படையாகவே நகல் என்று சொல்லிச் செய்யப்படுகின்றன. அதில் எந்தத் தவறும் இல்லை. மூன்றாவது நான்காவது கைக்குப் போகும்போது, முத்திரை போய், அமிலத்தில் ஊறி, ‘பாட்டனார் வீட்டுப் பரணில் கிடைத்தது’ என்ற கதையோடு வரும்போதுதான் சிக்கல்.

## இந்தியப் பிடி, ஆங்கில அலகு

பொருந்தாமை போலி அல்ல என்பதற்கு நல்ல சான்று இந்தியாவில்தான் இருக்கிறது. ஐரோப்பிய அலகை உள்ளூர்ப் பிடியில் ஏற்றிய வாளுக்கு ‘ஃபிரங்கி’ என்று பெயரே உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றி, பின்னர் 1854 அக்டோபர் 25இல் பலக்லாவாவில் இறந்த லூயி நோலன் என்ற குதிரைப்படை அதிகாரி, ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்களின் வாள்கள் பயங்கரமாக வெட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை என்ன விசேஷ எஃகு என்று பார்த்தால், பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய டிரகூன் அலகுகள்! உள்ளூர்ப் பிடி போட்டு, சவரக்கத்தி போல் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாயோ அதே அலகை இரும்பு உறையில் போட்டு, நாள்தோறும் உருவி உருவி வாயை மழுக்கிக்கொண்டிருந்தான்.

ஆகவே தல்வார் என்ற இந்திய வளைவாளின் பிடியில் 1796 அலகு கிடைத்தால் அதைப் பிரித்து ‘அசல் ஆங்கிலப் பிடி’ மாட்ட நினைப்பவர் ஓர் அசல் பொருளை அழித்து ஒரு போலியை உண்டாக்குகிறார்.

## சட்டம்

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் பார்வையில் வாளும் ஆயுதம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க 10ஆம் பிரிவின் உரிமத் தேவை துப்பாக்கிக்கு மட்டும் உரியது அல்ல. ஏலத்தில் எடுத்துவிட்டுச் சுங்கத்தில் போய் நிற்காமல், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். துப்பாக்கியல்லாத ஆயுதத்தை வைத்திருக்க உரிமம் தேவையா என்பது, 4ஆம் பிரிவின்கீழ் உங்கள் பகுதிக்கு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நூறு ஆண்டு கடந்த பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வந்தால் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனைக்கு 2008இல் தடை வந்தது. நூறாண்டு கடந்த அசல் வாள்களுக்கு விலக்கு உண்டு. அதாவது, அங்கே காலக்கணிப்பு ரசனை விஷயம் மட்டுமல்ல, சட்ட விஷயமும்கூட.

எகிப்தின் மம்லூக் வீரர்களின் பாணியில் செய்த அதிகாரிகளின் வாள்களில் பிடி யானைத் தந்தமாக இருக்கும். இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம்.

## வீட்டுக்கு வந்த பிறகு

முதல் விதி, பளபளப்பாக்காதீர்கள். பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் முத்திரை, செதுக்கெழுத்து, நீலமும் பொன்னும் பூசிய அலங்காரம் எல்லாம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். பித்தளைப் பிடியைக் கண்டதும் குத்துவிளக்கு நினைவுக்கு வந்து புளியும் எலுமிச்சையும் எடுக்கத் தோன்றும். புளியின் அமிலம் இருநூறு ஆண்டுக் கருமையைக் கரைத்து, பித்தளையைச் செம்பு நிறத்தில் விட்டுவிடும். முத்திரை ஓரங்களும் மழுங்கும்.

உறையில் சிக்கிய வாளைப் பிடியைத் திருகி இழுக்கக் கூடாது. முதலில் உடைவது பிடிதான். உறையின் வாயில் மெல்லிய எண்ணெய் விட்டு, நிமிர்த்தி, இரண்டு மூன்று நாள் வையுங்கள். வாய்ப்பட்டையில் திருகாணி இருந்தால் அதைக் கழற்றினாலே பல வாள்கள் வந்துவிடும். பிறகு நேராக, முறுக்காமல் இழுக்க வேண்டும்.

துரு நீக்கும் வரிசை:

1. எதையும் தொடுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுக்கவும். நைட்ரைல் கையுறை அணியவும். வியர்வையின் உப்பு விரல்ரேகையாகவே துருவாகும்.
2. கருமையான, நகத்தால் சுரண்டினால் வராத படலத்தை விட்டுவிடவும். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வது மட்டுமே எதிரி.
3. அதன்மேல் மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிடவும். நான்கு சுழி (0000) என்று குறித்த மிக மெல்லிய எஃகுப் பஞ்சால், நீளவாக்கில், அழுத்தாமல் தேய்க்கவும். மேடாக எழுந்த துருவைச் செம்புத் துண்டின் விளிம்பால் நெம்பலாம். செம்பு எஃகைக் கீறாது.
4. அசிட்டோன் நனைத்த துணியால் எண்ணெயை முழுவதும் எடுக்கவும். எண்ணெயின்மேல் மெழுகு ஒட்டாது. தோலிலும் அலங்காரப் பூச்சிலும் அசிட்டோன் படக் கூடாது.
5. அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை, ரினைசன்ஸ் வேக்ஸ் போன்றதை, மெல்லிய படலமாகப் பூசி மென்துணியால் துடைக்கவும். ஒரு வாளுக்குக் கடலை அளவு மெழுகு தாராளம்.

காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு அமைதியாக இருக்கும். கடலோர ஊரில் அந்த அளவு தானாக வராது. மூடிய கண்ணாடிப் பெட்டியும், நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி வைக்கக்கூடிய சிலிக்கா ஜெல்லும், ஒரு சிறு ஈரப்பதமானியும் வேண்டும். தோல் உறை உள்ள வாளானால் உறையையும் வாளையும் தனித்தனியே வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலத்தையும் மெல்ல மெல்ல அலகுக்குக் கொடுக்கும். வெளியே அழகாக இருக்கும் வாளை ஆறு மாதம் கழித்து உருவினால் முதுகில் செதுக்கிய அந்த ஒற்றை வரிதான் முதலில் துருவில் மூழ்கியிருக்கும்.